ஓடையை மறித்தவன்

பேசிலின் அணையைச் சபிக்காமல் நோரின் ஒரு கோடையும் கழித்ததில்லை. அணை என்ன அணை, ஓடைக்குக் குறுக்கே போட்ட மண்கரைதான். ஆனால் கீழே இருக்கும் அவள் நிலத்துக்கு வரவேண்டிய தண்ணீரெல்லாம் அங்கேயே நின்றுபோனால் வயிறு எரியாதா? ஆடுகளுக்கு லாரித் தண்ணீர் வாங்கும்போதெல்லாம், "இந்த மனுஷன் விளங்குவானா!" என்று ஊருக்கே கேட்கக் கத்துவாள்.

இப்போது அதே கரையில் பழக் கேக்கும் கையுமாக ஏறுகிறாள். போன வாரக் காட்டுத்தீயில் அவள் வீடு தப்பியது இந்தத் தண்ணீரால்தான். ஹெலிகாப்டர் இங்கே மொண்டு மொண்டு போய் அவள் கூரைமேல் கொட்டியது. நன்றி சொல்லாவிட்டால் அவள் மனுஷியா? ஆனால் எந்த முகத்தோடு சொல்வது?

"என்ன நோரின், வழி தப்பி வந்துட்டியா?" கரையில் உட்கார்ந்திருந்த பேசில் கேட்டான்.

"கிண்டல் பண்ணாதே. கேக் கொண்டாந்திருக்கேன்."

"விஷம் கிஷம்?"

"முதல் துண்டை நீயே தின்னு, தெரிஞ்சிடும்."

சிரித்துவிட்டான். அவளும் உட்கார்ந்தாள். அடிச்சேற்றில் வாத்துகள் மேய்ந்தன.

"இந்தக் கரையை யார் போட்டது?" இத்தனை வருஷத்தில் அவள் கேட்டதே இல்லை.

"எங்கப்பா. ரெண்டு குதிரையைப் பூட்டி மண்ணை வாரினார். அதுல ஒண்ணு உன் மாமனாரோடது, சும்மாவே குடுத்தாராம். அப்ப வந்த வறட்சியில உங்க ஆடும் இங்கதான் குடிச்சுது."

நோரினுக்குச் சுருக்கென்றது. அவள் புருஷன் இதைப்பற்றி மூச்சு விட்டதில்லை.

கரைக்கு அந்தப் பக்கம் கண் போனது. ஆட்டுரோமம் கத்தரிக்கும் கொட்டகை இருந்த இடத்தில் கருகிய கம்பங்கள்தான் நின்றன.

"ஐயோ, பேசில்! கொட்டகை போயிடுச்சா? பம்பு வச்சிருந்தியே?"

"நல்லாத்தான் அடிச்சுட்டிருந்தேன். தண்ணிக்குள்ள குழாய் கெடந்தா வாளி சிக்கிக்கும்னு ஹெலிகாப்டர் இறங்காது. ஒரு சுத்து சுத்திட்டு வேற இடம் பாக்கக் கெளம்புச்சு. குழாயை இழுத்து வெளிய போட்டுட்டேன்."

"அது யார் வீட்டுக்குப் போவுதுன்னு தெரியுமா உனக்கு?"

"தெரியாம என்ன? நீ உள்ள இருந்தியே."

வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த நன்றியெல்லாம் மறந்துபோயிற்று. நோரின் வாய்விட்டு அழுதாள். "உன்னை நான் என்னென்ன பேசியிருக்கேன் தெரியுமா?"

"எல்லாம் தெரியும்," என்றான் பேசில். "காத்து இந்தப் பக்கந்தானே அடிக்குது."