எல்லோரும் ஏரியைப் பாருங்கள்

1

இந்தக் கதை ஒரு மலச்சிக்கலில் பிறந்தது. இதைவிடக் கௌரவமான தொடக்கங்களையும் எழுதிப் பார்த்தேன்.

'செஞ்சிக் கோட்டையின் மேல் கருமேகங்கள்...' (மேகத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?)

'குழந்தை என்பது...' (வேண்டாம். இப்படித் தொடங்கிய எதையும் நான் முழுதாகப் படித்ததில்லை.)

ஒரு பத்திரிகையில் பெற்றோருக்கு டிப்ஸ் கேட்டார்கள். சின்னக் குழந்தைக்கு மலம் இறுகினால் என்ன செய்வது, நறுக்கென்று எழுதுங்கள் என்றார்கள். நறுக்கென்றுதான் உட்கார்ந்தேன். நடுவில் ஒரு பஸ் வந்துவிட்டது. அதனால் இது கதை.

2

கதாநாயகிக்கு மூன்று வயது. பெயர் நிலா என்று வைத்துக்கொள்வோம். உண்மைப் பெயரைப் போட்டால் பெரியவளானதும் என்னோடு பேசமாட்டாள். அவள் அம்மா சாமுண்டீஸ்வரி, தன் பெயரை அப்படியே போடச் சொல்லிவிட்டாள். அப்பாவுக்கு இளவழகன் என்று பெயர் வைத்து, பொறுமைசாலியாகவும் கொஞ்சம் அழகாகவும் படைத்தேன். சாமுண்டீஸ்வரி படித்துவிட்டு, "யாருங்க இவன்?" என்றாள். அந்தப் பத்தியை அடித்துவிட்டேன். இனிமேல் வெறும் 'நான்'.

ஒருநாள் மலம் போகும்போது நிலாவுக்கு வலித்துவிட்டது. அன்றிலிருந்து அடக்க ஆரம்பித்தாள். வந்தாலும் காலைப் பின்னிக்கொண்டு கதவுக்குப் பின்னால் போய் நின்றுவிடுவாள். வயிறு கல் மாதிரி ஆகிவிட்டது, சோறு இறங்கவில்லை, ராத்திரியெல்லாம் அழுகை. டாக்டர் பார்த்துவிட்டு, "நாளைக்கும் போகலைன்னா விழுப்புரம் கூட்டிட்டுப் போயிடுங்க. எனிமா குடுத்துடலாம்," என்றார்.

3

டிப்ஸ், பத்திரிகைக்காக:

நிறையத் தண்ணீர் கொடுங்கள். பப்பாளி, ஊறவைத்த உலர்திராட்சை நல்லது. சாப்பிட்டதும் கொஞ்ச நேரம் உட்காரவையுங்கள். பாதம் தொங்கக்கூடாது, கீழே ஒரு பலகை போடுங்கள். திட்டவே திட்டாதீர்கள்.

(எல்லாம் டாக்டர் சொன்னது, எல்லாமே சரி. எல்லாவற்றையும் செய்தோம். நிலா பலகையில் கால் வைத்துக்கொண்டு சமர்த்தாகத் திராட்சை தின்றாள். அவ்வளவுதான்.)

4

மறுநாள் பனமலையில் சாமுண்டீஸ்வரியின் அக்கா மகனுக்குக் காதுகுத்து. போய்த் தலையைக் காட்டிவிட்டு, சாயந்திரம் வரை பார்ப்பது, இல்லையென்றால் அங்கிருந்தே விழுப்புரம். இதுதான் திட்டம்.

பஸ் அனந்தபுரம் தாண்டியதும் நிலா முனக ஆரம்பித்தாள். பக்கத்து சீட்டில் கீரைக்கட்டோடு இருந்த பவுனம்மாள், "கொளந்தைக்கு இன்னாம்மா?" என்றார். சாமுண்டீஸ்வரி சொன்னாள். அவளுக்கு மெதுவாகப் பேச வராது. அடுத்த நிமிஷம் பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் டாக்டர்.

"வெந்நி குடும்மா, எறங்கிடும்."

"தொப்புள்ள வெளக்கெண்ண தடவு."

"போன்ல பாட்டு போட்டு வுடு சார், தானா போவும்."

பின் சீட்டிலிருந்து ஒருவர், "அதெல்லாம் வேலைக்கு ஆவாது. வெத்தலக் காம்புதான் கரெக்டு," என்றார். எங்கே, எப்படி என்று விளக்கவும் செய்தார். நிலா என் மடியில் இன்னும் இறுகினாள்.

(அடிக்குறிப்பு போட இடமில்லாததால் இங்கேயே: காம்பு வேண்டாம். டாக்டரும் நிலாவும் இதை ஒருமனதாக எதிர்க்கிறார்கள்.)

5

பனமலை ஏரிக்கரை வந்தபோது நிலா என் காதில் சொன்னாள்: "நைனா, வருது."

இந்த இடத்துக்கு ஒரு முடிவு எழுதி வைத்திருந்தேன். அதில் பஸ் நிற்காது, கண்டக்டர் முறைப்பார், நாங்கள் விழுப்புரம் போவோம். சோகமாக முடித்தால் பரிசு கிடைக்கும் என்று ஒரு எண்ணம். ஆனால் கண்டக்டர் அரங்கநாதன் என்னைக் கேட்காமலேயே விசில் அடித்துவிட்டார். டிரைவர் இஞ்சினையே நிறுத்திவிட்டார்.

ஏரிக்கு எதிர்ப்பக்கம், வேலிக்காத்தான் புதர் ஓரமாக நிலாவை உட்காரவைத்தோம். உட்கார்ந்தவள் நிமிர்ந்தாள். பஸ்ஸின் ஜன்னலெல்லாம் தலை. அத்தனை தலையும் பாசத்தோடு அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. எழுந்து காலைப் பின்னிக்கொண்டாள்.

"எல்லாம் பாக்குறாங்க," என்றாள். கண்ணில் தண்ணீர்.

அவ்வளவுதான், விழுப்புரம் என்று அவளைத் தூக்கக் குனிந்தேன். அப்போது பவுனம்மாளின் குரல் கேட்டது: "யோவ், எல்லாரும் ஏரியப் பாருங்கய்யா. கொளந்தைக்கு வெக்கமா இருக்குது இல்ல?"

தலைகள் திரும்பின. டிரைவரும் திரும்பினார், வெற்றிலைக் காம்புக்காரரும் திரும்பினார். ஏரியில் தண்ணீரும் நாலு கொக்கும்தான். பிறந்ததிலிருந்து பார்த்த ஏரியை, இன்றுதான் வெட்டியது மாதிரி அத்தனை பேரும் உற்றுப் பார்த்தார்கள். பத்திரிகைக்கு எழுதியதில் இந்த டிப்ஸ் இல்லை.

நிலா மறுபடி உட்கார்ந்தாள். "நீயும் நைனா. அம்மாவும்."

நாங்களும் திரும்பிக்கொண்டோம்.

6

இதற்குமேல் எனக்கு எதுவும் தெரியாது. எழுதுகிறவனே முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன். நீங்களும் வந்து இந்தப் பக்கம் நில்லுங்கள். அவசரம் வேண்டாம், டிரைவருக்கே இல்லை. பின்னால் ஏதோ ஒரு சின்ன...

இல்லை, திரும்பாதீர்கள்.

"நைனா, கழுவி வுடு" என்று அவள் கூப்பிட்டால்தான் இந்தக் கதை முடியும். சாமுண்டீஸ்வரி என் கையை இறுக்கிப் பிடித்திருக்கிறாள், நெஞ்சு அடிக்கிற சத்தத்தில் எனக்கு எதுவும் சரியாகக் கேட்கவில்லை. உங்களுக்கு முதலில் கேட்டால் சொல்லுங்கள்.