டீயில் கலந்தது

சித்தப்பா கடப்பாரையை ஓங்கிக் குளியலறைக் கதவில் குத்தினார். மேல் பலகை பிளந்தது. உள்ளே அவளுடைய தம்பி அலறினான். அவள் ஓடிப்போய்க் கதவை முதுகால் மறைத்துக்கொண்டு நின்றாள். காலுக்குக் கீழே அப்பாவின் ரத்தம் பிசுபிசுத்தது.

"தள்ளு! என் அண்ணன் மண்டையைப் பொளந்தவனை உயிரோட விடச் சொல்றியா?"

"போலீஸ் வந்துட்டிருக்கு சித்தப்பா. அவன் நோயாளி."

"நோயாளியாம் நோயாளி! எம் பொண்ணு மனநோய்க்கு வைத்தியம் பார்க்க மேல்படிப்பு படிக்கிறான்னு ஊரெல்லாம் மார்தட்டிட்டுத் திரிஞ்சாரே எங்கண்ணன்! படிச்சவன் பாட்டைக் கெடுத்தான்னு சும்மாவா சொன்னாங்க?"

அப்பா கூடத்தில் கிடந்தார், பக்கத்திலேயே சுத்தியல். ஆம்புலன்ஸ்காரர்கள் நாடி பார்த்து உதட்டைப் பிதுக்கினார்கள். போலீஸ் வரும்வரை யாரும் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டு வாசலுக்குப் போய் நின்றுகொண்டார்கள். அம்மா மட்டும் கேட்கவில்லை. அப்பாவின் பாதங்களைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா! டீயில விஷம் ஊத்தினாரு! இன்னிக்கு என் கண்ணால பார்த்தேன், சத்தியமா!" தம்பி உள்ளிருந்து கத்தினான்.

"கேட்டியா? பெத்த அப்பன் விஷம் வெப்பாராம். பைத்தியக்காரப் பய!" என்றார் சித்தப்பா.

அது பைத்தியப் பேச்சு இல்லை என்று தெரிந்தவர்கள் அந்த வீட்டில் இரண்டே பேர். அதில் ஒருவர் செத்துக் கிடந்தார்.

தம்பி மாத்திரையைத் துப்ப ஆரம்பித்தபோதே அவள் படிக்கும் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கலாம். ஆனால் கூடப் படிக்கிறவர்களும் பேராசிரியரும் சுற்றி நின்று பார்க்க, தன் தம்பி கட்டிலில் கிடப்பதா? மானம் போகுமே! நிறமில்லாத சொட்டு மருந்தைக் கொண்டுவந்து அப்பா கையில் கொடுத்தாள். "காலை டீயில விட்டுக் கொடுங்கப்பா. அவனுக்குத் தெரிய வேணாம்." நோயாளியை ஏமாற்றி மருந்து கொடுப்பது தப்பு என்று வகுப்பில் எழுந்து நின்று வாதாடியவளும் இவளேதான். உபதேசமெல்லாம் ஊருக்குத்தான். "டாக்டர் சொன்னா சரிதாம்மா" என்றார் அப்பா, பாவம். டீ கசக்குது என்று தம்பி சொன்னபோதெல்லாம், "அது உன் நோய் சொல்றதுடா, நம்பாதே" என்று அவனுக்கே பாடம் எடுத்தாள்.

இப்போது உண்மையைச் சொன்னால் பட்டம் போய்விடும். சொல்லாவிட்டால், காரணமே இல்லாமல் அப்பனைக் கொன்றவன் என்றுதான் தம்பி கடைசிவரை நிற்பான்.

கடப்பாரை மறுபடி எழுந்தது. அவள் நகரவில்லை. முனை அவள் தோளைக் கிழித்துக்கொண்டு பலகையில் இறங்கியது.

"அவன் பார்த்தது நிஜம்!" என்று வீறிட்டாள். "கலக்கச் சொன்னது நான். விஷமில்ல, மருந்து. அப்பா எம் பேச்சைக் கேட்டுத்தான் ஊத்தினாரு. அடிக்கணும்னா என்னை அடிங்க!"

அடித்தார். பளாரென்று விழுந்த அறையில் உதடு கிழிந்தது. முடியைப் பிடித்து இழுத்து இன்னொன்று விட்டார். பிறகு சுவரில் தன் தலையை முட்டிக்கொண்டு, "அண்ணே, அண்ணே" என்று ஓலமிட்டார்.

குளியலறைக் கதவின் பிளவு வழியே தம்பியின் குரல் வந்தது.

"அப்ப நான் சொன்னது சரியாக்கா?"

"சரிதான்டா."

"ஆனா விஷமில்ல?"

"இல்லடா கண்ணு."

"அப்பாவை எழுப்புக்கா. தெரியாம அடிச்சிட்டேன்னு சொல்லிடறேன்."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு கதவோடு சரிந்து அழுதாள்.

போலீஸ் வந்து தம்பியைக் கொண்டுபோனது. இன்ஸ்பெக்டரிடமும் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். அப்பாவைத் தூக்கிக்கொண்டு போன பிறகும் அம்மா இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை. நாக்கு வறண்டு உதடெல்லாம் வெடித்திருந்தது. அவள் சமையலறையிலிருந்து கண்ணாடி டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தாள்.

"ஒரு வாய் குடிம்மா."

அம்மா வாங்கிக்கொண்டாள். குடிக்கவில்லை. டம்ளரை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துத் தண்ணீருக்குள் உற்றுப் பார்த்தாள்.