தெரியாது என்று எழுதிய அட்டை

வீட்டில் குழாய் ஒழுகியது. என் வீட்டுக்காரரைக் கையோடு இழுத்துவர அருங்காட்சியகத்துக்குப் போனேன். பழைய தபால் நிலையத்தின் இரண்டு அறைகளில், ஓய்வு பெற்ற நாலைந்து பேர் சம்பளமில்லாமல் நடத்தும் இடம் அது. பஸ் கண்டக்டராக இருந்த இவர்தான் அங்கே பொருள்களுக்கு அட்டை எழுதுகிறவர்.

கண்ணாடிப் பெட்டிக்குள் மரத்தில் கடைந்த காளான் மாதிரி ஒன்று இருந்தது. அதனடியில் முத்து முத்தான கையெழுத்து: 'இது எதற்கு என்று எங்களுக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.'

வீட்டில் இவருக்குத் தெரியாத விஷயமே கிடையாது. நாற்பது வருடத்தில் இந்த மனிதரிடமிருந்து அந்தச் சொல்லை அன்றுதான் பார்த்தேன்.

"ஏங்க, கிழிஞ்ச காலுறைக்குள்ள விட்டுத் தைக்கிற கட்டைங்க இது. தையல்காரியை வீட்டுல வச்சுக்கிட்டு ஊரைக் கேக்கறீங்களே," என்றேன்.

அவர் வாதாடவில்லை. கையுறை மாட்டி, கட்டையை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினார். அதன் தலை முழுக்க ஊசி கீறிய கோடுகள்.

"கதவுக் குமிழ்னுதான் எல்லாரும் சொன்னாங்க. நிச்சயமாத் தெரியாம எப்படி எழுதறது?"

புது அட்டையில் நான் சொன்னதை அப்படியே எழுதி, கீழே 'சொன்னவர்: என் மனைவி, தையற்கலைஞர்' என்று முடித்தார். பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உக்காரு. இன்னும் பதினோரு 'தெரியாது' அட்டை இருக்கு."

குழாய் ஒழுகினால் ஒழுகட்டும் என்று உட்கார்ந்தேன்.