எள்ளளவும்

சமையல் குறிப்பு போடும் அந்த இணையதளத்தில் அவருக்கு ‘ஜாக்கிரதை’ என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரை ஆபீசில் எல்லோரும் மறந்து மூன்று வருஷமாகிறது. ஒவ்வொரு குறிப்பின் அடியிலும் ‘ஒவ்வாமை உள்ளவர்கள் கவனிக்க’, ‘சர்க்கரை நோயாளிகள் மருத்துவரைக் கேட்கவும்’ என்று எழுதுவதுதான் வேலை. மனிதருக்கு வெந்நீர் போடக்கூடத் தெரியாது. ஆனால் தமிழ் தெரியும், கொஞ்சம் அதிகமாகவே தெரியும். அதுதான் வினையாக வந்தது.

திங்கட்கிழமை மேனேஜரம்மா கூப்பிட்டார்.

“எச்சரிக்கைய யாருமே படிக்கிறதில்ல சார். படம் பாக்கறாங்க, அளவு பாக்கறாங்க, போயிடறாங்க. அடுத்த வாரத்துலேர்ந்து அந்தப் பகுதியே வேண்டாம்னு இருக்கேன்.”

“அப்ப நான்?”

“வெள்ளிக்கிழமைக்குள்ள படிச்சவங்க ஒருத்தரைக் காட்டுங்க. ஒருத்தர் போதும்.”

அன்றிலிருந்து ஜாக்கிரதை ஒவ்வொரு எச்சரிக்கையின் முடிவிலும் ‘இதைப் படித்தவர்கள் தயவுசெய்து ஒரு வார்த்தை எழுதவும்’ என்று சேர்த்தார். கருத்துகள் குவிந்தன. உப்பு கம்மி என்றார் ஒருவர். படத்தில் இருக்கிற தட்டு எந்தக் கடையில் வாங்கியது என்று நாற்பது பேர் கேட்டார்கள். எச்சரிக்கையைப் பற்றி ஒரு ஈ காக்கை வாய் திறக்கவில்லை. அட, திட்டவாவது திட்டக்கூடாதா!

வெள்ளிக்கிழமை காலை தங்கை போன் செய்தாள்.

“அண்ணா, நேத்து விதை பிஸ்கட்னு போட்டிருக்கீங்களே, அடியில எழுதினது யாரு?”

அவருக்கு உச்சி குளிர்ந்தது. “நான்தாம்மா! நீ படிச்சியா? முழுசாவா?”

“படிக்காம? என் பொண்ணுக்கு எள்ளு ஆகாதே! எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் ‘எள்’னு போட்டுத் தேடிட்டுத்தான் அடுப்புப் பக்கம் போவேன். இதுல ஒரே ஒரு இடத்துல வந்துச்சு. ‘குழந்தைகளுக்கு எள்ளளவும் அச்சமின்றிக் கொடுக்கலாம்.’”

அது அவருக்கு ரொம்பப் பிடித்த வரி. எல்லா பிஸ்கட்டுக்கும் அதையே வெட்டி ஒட்டுவார். குறிப்பை அவர் எங்கே படித்தார்?

“சாமான் பட்டியல்ல வெறும் ‘விதைக் கலவை’ன்னுதான் இருந்துச்சு. எள்ளுன்னு கண்ணுல பட்டதும் பக்குனு ஆயிடுச்சு, வாங்கிட்டு வந்த பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தேன். முதல் பேரே எள்ளு! போன தடவை தொண்டை வீங்கி அவ மூச்சுக்குத் தவிச்சப்ப ஆஸ்பத்திரில என்கூட உக்காந்திருந்தவன் நீதானே அண்ணா?”

அந்தப் பிஞ்சு முகம் அவர் கண் முன்னால் வந்து நின்றது. தன் மேலேயே காறித் துப்பலாம் போல இருந்தது.

கேட்ட ஆதாரம் கிடைத்துவிட்டது. காட்டினால் எச்சரிக்கை பிழைக்கும், எழுதியவர் பிழைப்பது சந்தேகம். வரியை மட்டும் சத்தமில்லாமல் மாற்றிவிட்டால் யாருக்கும் தெரியாது. யாரும்தான் படிப்பதில்லையே! அவர் பக்கத்தை நீக்கிவிட்டு, மேனேஜரம்மாவின் அறைக்குப் போய் ஒன்று விடாமல் சொன்னார்.

“ஆக, படிக்கிறவங்க இருக்காங்க. எழுதற நீங்கதான் படிக்கிறதில்ல,” என்றார் மேனேஜரம்மா. “உங்க தங்கச்சி வேலைக்கு வருவாங்களா?”

வந்தாள். அவருடைய நாற்காலியிலேயே உட்கார்ந்தாள். அவரைக் கருத்துகளுக்குப் பதில் எழுதும் மேசைக்கு மாற்றினார்கள். தட்டு வாங்கிய கடையை நாற்பது பேருக்கும் பொறுமையாகச் சொன்னார்.

தங்கை முதல் வேலையாக பிஸ்கட் பக்கத்தைத் திருத்தி ஏற்றினாள். விதைக் கலவைக்குப் பக்கத்திலேயே, ‘இதில் எள் இருக்கிறது. ஆகாதவர்களுக்குக் கொடுக்காதீர்கள்.’ இதெல்லாம் ஒரு எழுத்தா, ஒரு அலங்காரம் உண்டா என்று அண்ணன் முணுமுணுத்தார். மத்தியானத்துக்குள் கீழே ஒரு கருத்து வந்தது: ‘நல்லவேளை படிச்சேன். என் மகனுக்கும் ஆகாது. எழுதினவங்களுக்கு நன்றி.’

மூன்று வருஷமாக அவர் காத்திருந்த வார்த்தை. பதில் எழுத வேண்டியதும் அவர்தான். ‘எள்ளளவும்’ என்று ஆரம்பித்தார், அழித்தார். ‘எழுதியவரிடம் சொல்லிவிடுகிறேன்’ என்று மட்டும் போட்டார்.