மக்கீன் நானாவின் வெறும் பீப்பாய்

1974 தை மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், கொட்டாஞ்சேனையின் ஓர் ஒழுங்கையிலிருந்த இருபத்தேழு அடுப்புகளும் எண்ணெய் இல்லாமல் எரியத் தொடங்கின. சுடர் முல்லைப்பூ நிறம், புகை இல்லை, லேசாகக் கடல் மணம். சோறு வெந்து குழம்பு கொதித்ததும் தானாகவே அணைந்தது. மண்ணெண்ணெய் விலை ஏறியிருந்த நேரம் என்பதால் ஒருவரும் காரணம் விசாரிக்கவில்லை. தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்ப்பார் உண்டா?

நட்டப்பட்டவர் மக்கீன் ஒருவர்தான். கொலன்னாவை எண்ணெய்க் கிடங்கிலிருந்து பதினெட்டு வருடமாகப் பீப்பாய் வண்டி தள்ளிவந்து, அந்த ஒழுங்கைக்கு எண்ணெய் அளந்தவர். மூத்த மகளுக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்தார். வாசலுக்கு வாசல் தகரப் புனலால் பீப்பாயை மூன்று முறை தட்டுவது அவர் வழக்கம். மூன்று நாள் தட்டினார். மூன்று நாளும் வேண்டாம் என்றார்கள். மூன்றாம் நாள் மாலை, அதே ஒழுங்கையில் குடியிருந்து புறக்கோட்டையில் அரிசிக்கடை வைத்திருந்த ஞானசம்பந்தம் முதலாளி, இனி வீணாகக் காலைத் தேய்க்க வேண்டாமென்று புத்தி சொல்லி அனுப்பினார். மக்கீன் ஒழுங்கைக் கோடியிலிருந்த தன் வீட்டுச் சுவரில் வண்டியைச் சாய்த்தார்.

மறுநாள் ஓர் அடுப்பும் எரியவில்லை. நெருப்பு வந்த நாளெல்லாம் அந்தத் தட்டலுக்குப் பிறகே வந்தது என்பதை ஆப்பக்காரி செலீன்தான் கண்டுபிடித்தாள். கரண்டியால், சாவிக்கொத்தால், இரவல் வாங்கிய புனலால்கூடத் தட்டிப் பார்த்தார்கள். பலிக்கவில்லை. செலீன் மக்கீன் வீட்டுக்குப் போனாள்.

"நானா, பிழை எங்கடதான். நெருப்பு உங்கட கைக்குத்தான் வருது."

"வாரேன். எண்ணெய்க் காசு வேணாம். என்ட கூலி மட்டும் தாங்க."

ஞானசம்பந்தத்துக்கு அதுவும் பொறுக்கவில்லை. வெறும் பீப்பாய்க்கு முழுக் கூலியா? தோளில் கிடந்த துண்டைக் கைகளின்மேல் போட்டு, விரல் பிடித்துப் பேரம் பேசி, தன் வீட்டுப் பங்கைப் பாதிக்கு முடித்தார். அன்று அவர் வீட்டுச் சோறு பாதி வெந்தது. மனைவி மீனாள் அதை அப்படியே இலையில் வைத்தாள்.

"நீங்க விரல் புடிச்ச வெலைக்கு இவ்வளவுதான் வேகுது. மென்னு தின்னுங்க."

மறுநாள் முழுக் கூலியும் கொடுத்தார். ஆனாலும் வியாபாரி வியாபாரிதான்: வெள்ளவத்தை முதல் மருதானை வரை நாற்பது ஒழுங்கை, கூட்டு வியாபாரம் என்று ஆசை காட்டினார். கல்யாணச் செலவை நினைத்து மக்கீன் பக்கத்து ஒழுங்கையிலும் ஒருநாள் தட்டினார். அன்று இரண்டு ஒழுங்கையிலும் சுடர் மெலிந்தது. செலீனின் ஆப்பமெல்லாம் நடுவில் மாவாகவே நின்றது.

மக்கீன் முதலாளியிடம் போனார். "நான் ஒருத்தன், ஒழுங்கை ஒண்டு. அங்க தட்ட ராசிக் ஈக்கான்."

ராசிக் அந்தப் பக்கத்து ஒழுங்கையின் எண்ணெய்க்காரர். வண்டியை விறகுக்கு விற்க விலை பேசிக்கொண்டிருந்தார். மக்கீன் சொன்னபடி தட்டினார், நெருப்பு வந்தது. இரண்டு வருடத்தில் வெள்ளவத்தை வரை, எண்ணெய் வண்டிக்காரர் ஒவ்வொருவருக்கும் ஓர் ஒழுங்கை இருந்தது, எவருக்கும் இரண்டு இல்லை. கொலன்னாவை எண்ணெய்த் தாங்கிகளின் மேல் கொக்குகள் குடியேறின. மக்கீனின் மகள் கல்யாணத்துக்குப் புரியாணி ஒழுங்கையின் இருபத்தேழு அடுப்புகளிலும் பங்கு போட்டு வெந்தது.

கடைசித் தட்டல் எப்போதும் அவருடைய சொந்த வாசலில்தான். வெள்ளிக்கிழமைகளில் மட்டும், அவர் ஜும்மாத் தொழுகை முடிந்து வருவதால் பகல் சாப்பாடு இரண்டு மணியாகிவிடுகிறது. ஒழுங்கைக்கு முறைப்பாடு என்று இருப்பது அது ஒன்றுதான்.