கல்லில் இருந்த என் பெயர்

“கல்லுல உங்க பேருதான் இருக்கு மாமா, எங்கப்பா பேரு இல்லையே. அப்போ அவர் திரும்பி வந்துடுவாரா?” என்று ஆறு வயது லூலா கேட்டாள்.

புயலில் எங்கள் இறால் படகு மூழ்கிய அன்று எனக்குக் காய்ச்சல். எனக்குப் பதிலாகப் போனவன் அவள் அப்பா எஸ்ரா. போன யாரும் திரும்பவில்லை. கவுண்டி என்னும் மாவட்ட அலுவலகத்தார் படகின் பழைய ஆள்பட்டியலைப் பார்த்து நினைவுக்கல்லில் பெயர்களை வெட்டிவிட்டார்கள். மாற்றச் சொல்லியும் மாற்றவில்லை.

“ஏய் செத்தவனே, காப்பி குடிக்கிறியா?” என்று துறையில் கேலி பேசுவார்கள். லூலாவோ தினமும் அங்கே வந்து கடலைப் பார்த்து நிற்பாள். அவளிடம் உண்மையைச் சொல்ல எனக்கு நாவெழவில்லை.

ஒரு ஞாயிறு, ஊரே ஆராதனையில் இருந்தபோது, உளியோடு போய் என் பெயரைச் செதுக்கி எடுத்தேன். அந்த இடத்தில், ஜெபித்தபடியே, எஸ்ராவின் பெயரை வெட்டினேன்.