தோற்கச் சொல்லி ஓர் உத்தரவு

ராணுவ லாரி ஓட்டும் அவனை முகாமில் எல்லோரும் பசை என்றுதான் கூப்பிடுவார்கள். கொஞ்சம் ஓய்வு கிடைத்தால் போதும், கட்டிலுக்கடியிலிருந்து மரக்குச்சிகளையும் மெல்லிய காகிதத்தையும் எடுத்து மாதிரி விமானம் ஒட்ட உட்கார்ந்துவிடுவான். ஒருமுறை சல்யூட் அடித்தபோது விரல் நெற்றியிலேயே ஒட்டிக்கொண்டதாக ஒரு கதை உண்டு. அவன் அதை மறுத்ததில்லை.

முகாமில் ஆண்டுதோறும் மாதிரி விமானப் போட்டி நடக்கும். ரப்பர் பட்டையை முறுக்கிப் பறக்கவிட வேண்டும்; யாருடையது அதிக நேரம் காற்றில் நிற்கிறதோ அவருக்குக் கோப்பை. மூன்று ஆண்டுகளாக அது பசையிடம்தான் இருந்தது. அதற்குள் தன் சாக்ஸைப் போட்டு வைத்திருந்தான். இந்த முறை புதிதாக வந்த கர்னலும் பெயர் கொடுத்துவிட்டார்.

போட்டிக்கு முதல் நாள் சார்ஜெண்ட் லாரிக் கொட்டகைக்கு வந்தார்.

"நாளைக்கு நீ தோக்கணும்."

"விமானத்துக்கு உங்க உத்தரவு புரியாதே சார்."

"உனக்குப் புரியும்ல? அடுத்த மாசம் லீவு வேணுமா, வேணாமா?"

மனைவிக்குப் பிரசவ நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. பசை சரியென்று தலையாட்டினான்.

மறுநாள் கர்னலின் விமானம் வாத்து மாதிரி தத்திப் போய், ஒரே நிமிடத்தில் புல்லில் மூக்கைக் குத்திக்கொண்டது. எல்லோரும் கை வலிக்கத் தட்டினார்கள். முந்நூறு முறுக்கு தாங்கும் ரப்பரைப் பசை நூறோடு நிறுத்தி, அரை மனதாக விட்டான். தாழ்வாகத்தான் போனது. சமையற்கூடத்துத் தகரக் கூரைக்கு மேல் வந்ததும், வெயிலில் காய்ந்த கூரையின் சூட்டுக்காற்று அதை அலாக்காகத் தூக்கியது.

"இறங்கித் தொலையேன்," என்று முணுமுணுத்தான். உள்ளுக்குள் மனசு துள்ளியது. ஒன்பது நிமிடம் வட்டமடித்து, புள்ளியாகி, வேலிக்கு அப்பால் மறைந்தது. சார்ஜெண்ட் முகத்தில் ஈயாடவில்லை.

கர்னல் நேரே பசையிடம் வந்தார்.

"எத்தனை முறுக்கு?"

"நூறு சார்."

"முந்நூறு தாங்குற ரப்பராச்சே. ஏன்யா?"

பசை சார்ஜெண்டைப் பார்த்தான். சார்ஜெண்ட் வானத்தைப் பார்த்தார்.

"தோத்ததுல எனக்கு வருத்தமில்ல," என்றார் கர்னல். "பிச்சை போடப் பாத்தீங்களே, அதான் கேவலம்."

மதியத்துக்குள் கர்னல் எல்லாவற்றையும் விசாரித்து உத்தரவு போட்டார்: பசைக்கு லீவு உண்டு, விமானத்தைத் தேடி எடுத்துவருவது சார்ஜெண்டின் பொறுப்பு.

அது முள்ளுக்காட்டில் கிடந்தது. சாயங்காலம் சார்ஜெண்ட் அதைக் கைக்குழந்தையை ஏந்துவதுபோல் ஏந்திவந்தார், சட்டையில் ஒரு பொத்தான்கூட மிச்சமில்லாமல். பசை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"வால் லேசா வளைஞ்சிருக்கு சார்."